பழத்தோட்டக் கம்பெனிப் பங்குகளும் பருவக்கேடும்

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய மாணவர் பலர் இன்று உத்தியோகத்தில் அமர்ந்து, மாதந்தோறும் சிறிது பொருள் மிச்சம் பிடிக்கும் நிலையில் இருக்கின்றனர். அவர்களுட் சிலர் பழைய மாணவர் கூட்டத்துக்கு வரும்போது பங்கு வாங்குவதைக் குறித்து எம்மை வினவுவதுண்டு. பாங்கியையும் இரும்பாலையையும் பற்றிக் கேட்பவர்க்கு விடையிறுக்க யாம் வல்லோம் அல்லோம். ஆயினும் சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்ட கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. அவர் பட்டுக்கோட்டைத் தாலுக்காவைச் சேர்ந்தவர். மாவும் தென்னையும் வைத்து வளர்க்கும் கம்பெனி ஒன்றின் விளம்பர அறிக்கை அவர் கைக்கு வந்திருந்தது. சேமித்த பொருளிற் பெரும்பகுதியை அதிலிட எண்ணியிருந்தார். இத்தனைக்கும் அவருடைய தகப்பனாரின் தென்னந்தோப்பு 2018-ஆம் ஆண்டுக் கஜாப் புயலில் வேரோடு சாய்ந்தது. அதனை நினைவூட்டியபோது, “ஐயா, அத்தகைய புயல் இனி ஐம்பது ஆண்டுக்கு வராது, வந்தாலும் ஒரு வருஷ மகசூல்தானே போகும்” என்றார்.

அவர் விடையில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, புயலின் இடைவெளியைப் பற்றியது. இரண்டாவது, நட்டத்தின் நீளத்தைப் பற்றியது. இரண்டாவதே பெரிது. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடைவெளியை முதலில் நோக்குவோம். பழைய தஞ்சை ஜில்லா என்பது இன்றைய தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களையும் தன்னுட் கொண்டிருந்தது. அதன் கடற்கரையை ஒட்டி 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தருகே ஒரு புயல் கரை கடந்தது. மூன்றே ஆண்டு கழித்து, 1955-இல் இராஜாமடத்தருகே மற்றொன்று வந்தது. 1977 நவம்பரில் நாகையில் வீசிய புயலைக் கண்ணாற் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர். 1993 டிசம்பரில் காரைக்காலருகே ஒன்று. 2008 நவம்பரில் பெருமழையொடு வந்த நிஷா. பின்னர் 2018-இல் கஜா. அறுபத்தாறு ஆண்டுகளுக்குள் ஆறு புயல்கள்! இவையெல்லாம் ஒரே தோப்பைத் தாக்கியவை அல்ல என்பது மெய்யே. சில காற்றினாற் கொடியவை, சில வெள்ளத்தாற் கொடியவை. ஆயினும் ஐம்பது ஆண்டு ஓய்வு உண்டென்று கடலிடம் எவரும் எழுதி வாங்கியதில்லை. இரண்டு புயலுக்கு நடுவே மூன்று ஆண்டும் கிடந்தது. இருபத்திரண்டு ஆண்டும் கிடந்தது. சராசரியென்னும் கணக்கு வரலாற்றாசிரியனுக்குப் பயன்படும். தோப்புடையவனுக்கு அதனால் ஆறுதல் சிறிதே.

இனி இரண்டாவது பிழையை நோக்குவோம். அன்பருடைய பிழை அவருடையது மட்டும் அன்று. காவிரிப் பாய்ச்சலில் வளர்ந்த நம் எல்லாருடையதுமாகும். நம் மனம் நெல்லில் எழுத்தறிந்த மனம். குறுவை, சம்பா, தாளடி என்பன நம் நாட்காட்டியின் பெயர்கள். சம்பா வெள்ளத்தில் அழுகினால் அழுகிறோம், கடன் வாங்குகிறோம், பின்னர் மேட்டூர் அணை திறக்கப்படும்போது நாற்றங்காலில் மீண்டும் விதை தெளிக்கிறோம். வயல் அங்கேயே கிடக்கிறது. போனது ஒரு பருவத்தின் பயிர். 2018 நவம்பரில் அடித்த காற்றில் நெல்லுக்கும் சேதம் உண்டாயிற்று. ஆனால் 2019 ஆகஸ்டில் மேட்டூர் திறந்தபோது அதே வயலிற் சம்பா நடப்பட்டது. எனவே ‘பருவக்கேடு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு போகம் போனதென்று கொள்ளுதல் நமக்கு இயல்பாகிவிட்டது.

மரத்தின் கணக்கு அப்படியன்று. நாட்டு நெட்டைத் தென்னை நட்ட ஆறு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகே காய்க்கத் தொடங்கும். குட்டையும் ஒட்டுவகையும் நான்கைந்து ஆண்டில் வரும். முழுக் காய்ப்புக்கு வர இன்னும் சில ஆண்டுகள் செல்லும். அதன் பின் அறுபது ஆண்டு வரையும் காய்த்துக்கொண்டிருக்கும். ஆகவே தோப்பு வாங்குபவன் ஒரு மகசூலை வாங்குவதில்லை. அறுபது மகசூலை வரிசையாக வாங்குகிறான். மரம் விழுந்தால் ஒரு மகசூல் போவதில்லை. அவ்வரிசையே அறுபட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. எகிப்தில் ஏழு செழிப்பான ஆண்டுகளும் ஏழு பஞ்ச ஆண்டுகளும் வந்த வரலாற்றை வேதபாட வகுப்பில் வாசித்திருக்கிறோம். தென்னையுடையவனுக்குப் புயலடித்த மறுநாளே அவ்வேழு பஞ்ச ஆண்டுகள் தொடங்கிவிடுகின்றன. யோசேப்பைப் போல முன்னரே களஞ்சியம் நிரப்பி வைத்தவர் நம் ஊரிற் சிலரே.

கஜாவின் செய்தியைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே அது கரை கடந்தது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 120 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசியதாக வானிலைத் துறையார் குறித்தனர். வழக்கமாகக் கரையேறிய புயல் விரைவில் தளரும். இது தளராமல் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வழியாகப் புதுக்கோட்டைச் சீமையினுள்ளும் புகுந்து, மேற்கே சென்று மறுகடலையும் அடைந்தது. கடற்கரைத் தோப்புக்குத்தான் புயல் ஆபத்து, உள்நாட்டுத் தோப்புக்கு இல்லை என்றிருந்த நம்பிக்கை அவ்விரவில் அழிந்தது. வேதாரணியத்து மாமரங்களும், ஆலங்குடிப் பக்கத்துப் பலாமரங்களும், எண்ணிறந்த தென்னைகளும் கிடைமட்டமாயின. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இத்தென்னைகள் பலவும் ஒரு தலைமுறைக்குள் வைக்கப்பட்டவை. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நெல்லுக்குத் தண்ணீர் போதாதென்று கண்டவர்கள் ஆழ்துளைக் கிணறு வெட்டித் தென்னைக்கு மாறியிருந்தனர். நீர்க்குறைவுக்கு அஞ்சி நெல்லை விட்டவர்களைக் காற்று வந்து பிடித்துக்கொண்டது. ஒரு கேட்டினின்று தப்ப மேற்கொள்ளும் வழி வேறொரு கேட்டுக்கு வாயிலாதல் உண்டென்பதைப் பங்கு வாங்குவோர் இங்கே கவனிக்க வேண்டும்.

இதனைக் கம்பெனிக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கற்பனையாக ஒரு கம்பெனி. அதற்குத் தென்னந்தோப்பு மட்டுமே சொத்து. நல்ல ஆண்டுகளிற் பங்கொன்றுக்கு 10 ரூபாய் இலாபம் கிடைக்கிறது. இலாபத்தின் பன்னிரண்டு மடங்கு நியாயமான விலையென்று கொண்டு 120 ரூபாய்க்குப் பங்கு விற்கிறது. இருபத்தைந்து ஆண்டில் ஒருமுறை தோப்பு முழுதும் விழும் புயல் வருவதாகக் கொள்வோம். புயலே இல்லையேல் இருபத்தைந்து ஆண்டு இலாபம் 250 ரூபாய். புயல் வந்தால் ஏழு ஆண்டு வருமானம் இல்லை, மிச்சம் 180. அவ்வேழு ஆண்டும் கன்றுக்குத் தண்ணீர், எரு, வேலி, காவல், கடனுக்கு வட்டி என்று பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 3 ரூபாய் செலவானால் 21 ரூபாய் கழியும், மிச்சம் 159. ஆண்டுச் சராசரி ஆறு ரூபாயும் சில்லறையும். ஆகவே பன்னிரண்டு மடங்கு விலை கொடுத்ததாக எண்ணியவர் உண்மையிற் கிட்டத்தட்டப் பத்தொன்பது மடங்கு விலை கொடுத்திருக்கிறார். இரு போக நெல் வயலுக்கு இதே கணக்கைப் போட்டால், ஐம்பது மகசூலில் ஒன்று போகும்; நூற்றுக்கு இரண்டு. புயல் ஒன்றே, மடியில் விழும் நட்டம் வேறு. நூற்றுக்கு இரண்டென்னும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தென்னையை அளப்பதே அன்பர் செய்த பிழை.

புயல் கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாமல் வரும் கேடு வறட்சி. தென்னம்பாளை வெளிவந்து காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அப்பாளை மரத்தினுட் கருவாகத் தோன்றுவதோ அதற்கு இரண்டாண்டுக்கு மேல் முந்தி. எனவே இன்று பறிக்கும் காய்க்கு மூன்றாண்டுக்கு முந்திய மழையும் பொறுப்பாளி. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்திற் பாதிக்கும் குறைவாகவே பெய்தது. அவ்வாண்டில் ஒரு தோப்புக் கம்பெனியின் அறிக்கையைப் பார்த்தவருக்கு மகசூல் அவ்வளவு மோசமாகத் தோன்றியிராது; ஏனெனில் அக்காய்கள் முந்திய ஆண்டுகளின் மழையில் உருவானவை. வறட்சியின் முழுவடு பின்வரும் ஆண்டுகளிலேயே தெரியும். மழை வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று பங்கு வாங்குபவர் குறைவான காய்களைப் பெறும் ஆண்டுகளையே விலைக்கு வாங்குகிறார். காவிரியும் இதற்கேற்ப விளையாடியது. வறட்சி தீர்ந்து 2018 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெள்ளம் பெருகி, முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் மதகுகள் ஆகஸ்டு 22-ஆம் நாள் அடித்துச் செல்லப்பட்டன. மூன்று மாதத்திற்குள் கஜா. வறட்சி, வெள்ளம், புயல் மூன்றும் இரண்டாண்டு எல்லைக்குள் ஒரே நாட்டில் வந்தன.

மற்றப் பழங்களைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். திருவையாற்றுப் பக்கத்துக் காவிரிப் படுகையிற் பூவனும் கற்பூரவல்லியும் பேர்போனவை. வாழையின் தண்டு உண்மையில் மரம் அன்று. இலையடிகள் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு நிற்பது. தார் தள்ளியபின் தலைகனத்து, ஓரளவு காற்றுக்கே முறிந்துவிடும். அதனாலேயே சவுக்குக் கம்பு நட்டு முட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் பக்கக்கன்று ஓராண்டுக்குள் தார் தரும். காற்றுக்கு மிக எளிதில் இரையாவதும் வாழையே, மிக விரைவில் எழுவதும் வாழையே. எனவே வாழைக் கம்பெனியின் இலாபம் ஆண்டுக்காண்டு ஏறியிறங்கும். ஆயின் அதன் முதல் எளிதில் அழியாது. மாவின் கேடு வேறு வகை. தை மாசியில் பூக்கும் காலத்து ஒரு மழை, அல்லது மூடுபனி, பூவை உதிர்த்துவிடும். மரம் அசையாமல் நிற்கும். அன்றியும் ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்திருப்பது மாவின் குணம். நல்ல காய்ப்பு ஆண்டின் கணக்கை மட்டும் காட்டிப் பங்கு விற்பவர் உண்டு. இரண்டிரண்டு ஆண்டாகச் சேர்த்துப் பார்ப்பதே தக்கது.

‘விளைச்சல் குறைந்தால் விலை ஏறுமே, நட்டம் அதிற் சரியாகிவிடாதோ’ எனச் சிலர் வினவலாம். நாடெங்கும் விளைச்சல் குன்றினால் விலை ஏறும். ஒரு தாலுக்காவில் மட்டும் தோப்பு விழுந்தால் பொள்ளாச்சியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் காய் வந்துவிடும். விலை நின்ற இடத்தில் நிற்கும். விழுந்தவனுக்குச் சரக்கும் இல்லை, விலையேற்றமும் இல்லை. இதிலும் கொடிய ஒன்று அண்மையில் நிகழ்ந்தது. 2024, 2025 ஆண்டுகளிற் கொப்பரையின் விலையும் தேங்காய் எண்ணெயின் விலையும் வெகுவாக ஏறின. மரம் நின்றவர்க்கு அது பொற்காலம். புயலுக்குப் பின் 2019-இல் நெட்டைக் கன்று வைத்தவர்க்கு அப்போதுதான் முதற்பாளை எட்டிப் பார்த்தது. ஏழாண்டு வெறுமையின் உண்மையான விலை அதுவே: காய் இல்லாதது மட்டுமன்று, காய்க்கு மதிப்பு வந்த நாளிற் காய் இல்லாதது.

இன்ஷூரன்சு உண்டே எனில், உண்டு. அதன் அளவையும் அறிந்துகொள்ள வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2009-10 முதற்கொண்டு தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அதன்படி 4 முதல் 15 வயது வரையுள்ள மரத்துக்கு 900 ரூபாயும், 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு 1,750 ரூபாயும் காப்புத் தொகை. ஆண்டுப் பிரீமியம் முறையே 9 ரூபாய், 14 ரூபாய். அதிலும் பாதியை வாரியமும், காற்பங்கை மாநில அரசும் ஏற்க, உடையவர் செலுத்துவது காற்பங்கே. இவ்வளவு மலிவாயிருந்தும் கட்டியவர் மிகச் சிலர் என்பது கஜாவுக்குப் பின் வெளிப்பட்டது. கட்டியிருந்தாலும் பெறுவது என்ன? ஒரு மரம் ஆண்டுக்கு எண்பது காய் தந்து, காய் பத்து ரூபாய் விற்றால் 800 ரூபாய். 1,750 ரூபாய் ஏறக்குறைய இரண்டாண்டு வருமானம், வெறுமையோ ஏழாண்டு. கஜாவுக்குப் பின் அரசினர் அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று கொண்டு ஒரு இலட்சத்து 92 ஆயிரத்து 500 ரூபாய் ஆயிற்று. விழுந்தவர்க்கு அது பேருதவியே. தோப்பின் விலை அன்று.

வாழை முதலிய பயிர்களுக்கு 2016 முதல் வானிலையை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு வகைக் காப்பீடும் உண்டு. அதில் நம் தோட்டத்தை எவரும் வந்து பார்ப்பதில்லை. குறித்த நிலையத்திலுள்ள கருவி காட்டும் மழையும் வெப்பமும் காற்றுமே தீர்ப்புக் கூறும். கருவி இருக்குமிடத்திற் காற்று அடங்கியிருந்து, நம் படுகையில் மட்டும் சுழன்றடித்தால் ஒரு காசும் வாராது. மாறாக நம் வாழை நிமிர்ந்து நிற்கையிற் பணம் வருவதும் உண்டு. கம்பெனியின் அறிக்கையில் ‘யாவும் காப்புச் செய்யப்பட்டுள்ளது’ என்றொரு வரி இருந்தால், எது, எவ்வளவுக்கு, எந்த அளவுகோலால் என்னும் மூன்று வினாக்களும் எஞ்சி நிற்கின்றன.

இவ்வளவும் கேட்டபின், தஞ்சை மண்ணில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டம் வைத்த கம்பெனிகள் ஏன் எழவில்லை என்று மாணவர் வினவக்கூடும். 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டமும், 1970-இல் அவ்வரம்பைப் பாதியாக்கிய திருத்தமும் பெருநிலம் சேர்ப்பதைத் தடுத்தன. தேயிலை, காப்பி, ரப்பர் முதலிய மலைத்தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆதலால் தேயிலைக் கம்பெனிப் பங்குகள் சந்தையில் விற்பதும், வாழைக் கம்பெனிப் பங்குகள் அரிதாயிருப்பதும் இயற்கை. இந்த இடைவெளியிற் புகுந்தவை 1990-களில் தோன்றிய மரத்திட்டங்கள். ‘ஒரு மரம் வாங்குங்கள், இருபது ஆண்டில் இத்தனை மடங்கு’ என்ற விளம்பரங்களைப் பழைய மாணவர் மறந்திரார். சென்னையிலிருந்த அனுபவ் பிளாண்டேஷன்ஸ் தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் திரட்டி, 1998 அளவில் நொறுங்கியது. அதற்குக் காரணம் காற்றன்று, நிர்வாகமே. ஆயினும் அவ்விளம்பரங்களில் மரத்தின் வளர்ச்சி இருந்தது. காற்றும் வறட்சியும் பூச்சியும் எங்கும் இல்லை. 1999-இல் பங்கு மாற்று வாரியமான செபி, கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிகள் வகுத்தது. இன்றும் மரக்கணக்கிற் பணம் கேட்பவர் வாரியத்திற் பதிவு செய்தவரா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு வகை, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கம்பெனிச் சட்டத்திற் புகுந்தது இது. விளைவிப்பவர் மட்டுமே பங்குதாரர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பங்கு சந்தையில் விற்கப்படாது. நம் பக்கத்துத் தென்னை உழவர்களும் இவ்வாறு சேர்ந்துள்ளனர். அம்முயற்சியை யாம் மிகவும் மதிக்கிறோம். இடைத்தரகரிடம் அது பெற்றுத்தந்த விலை கண்கூடு. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அதன் பங்குதாரர் அனைவரும் ஒரே வானத்தின் கீழ் வாழ்பவர். காற்று அடித்த மறுநாள் கம்பெனிக்குக் காய் வராது; அதே நாளில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தோப்புக்குப் பணம் கேட்டு வருவர். கொடுக்க முடியாத நாளும் கேட்கவேண்டிய நாளும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. எம் அன்பருக்கும் இதுவே பொருந்தும். அவர் வீடு பட்டுக்கோட்டையில். தகப்பனார் தோப்பும் அங்கே. மைத்துனர் கடையிற் பற்று எழுதுவோரும் தோப்புக்காரர். சேமிப்பையும் அருகாமைத் தோட்டத்திலேயே இட்டால் ஓர் இரவுக் காற்று நான்கையும் ஒருங்கே சாய்க்கும். அறிந்த பயிர் என்ற நம்பிக்கையால் அருகிலுள்ளதை வாங்குகிறோம். அப்பயிரிடம் நாம் முன்னமே போதிய அளவு பணயம் வைத்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கடல் கடந்த நாடுகளில் நிலவரம்பு இல்லாமையால் பெரும் பழக்கம்பெனிகள் சந்தையிலேயே உள்ளன. அவற்றின் வரலாறு நமக்குப் பாடமாகும். 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் என்னும் புயல் ஹொண்டுராஸ் நாட்டு வாழைத்தோட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. சிக்கீட்டா, டோல் ஆகிய கம்பெனிகளுக்குப் பல தேசங்களிற் தோட்டமும் கொள்முதலும் இருந்தமையால் பழ வியாபாரம் நிற்கவில்லை. ஆயினும் முன்னமே பெருங்கடனும், ஐரோப்பியரின் இறக்குமதிக் கட்டுப்பாடும் அழுத்தியிருந்த சிக்கீட்டாவுக்கு அது மேலுமொரு சுமையாயிற்று. 2001 நவம்பரில் அது கடனை மாற்றியமைக்க நீதிமன்றத்தை அடைந்தது. கடன் கொடுத்தவர் கம்பெனியின் உடைமையாளர் ஆயினர். பழைய பங்குதாரருக்குக் கிடைத்தது சிறு பகுதியே. கடனில்லாத கம்பெனி ஏழாண்டு காத்திருக்கக்கூடும்; கடனுள்ள கம்பெனிக்குக் காத்திருக்க நேரமில்லை. புயல் மரத்தைச் சாய்க்கும். பங்குதாரரைச் சாய்ப்பது பெரும்பாலும் வட்டியே.

பிளாரிடா மாநிலத்து ஆரஞ்சுத் தோட்டங்களின் கதை இன்னும் அண்மையது. 2003-04-இல் அங்கே ஏறத்தாழ 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2005-இல் ஒரு நோய் தோன்றியது. சிறு பூச்சியாற் பரவி, காயைப் பச்சை மாறாமற் சிறுக்கச் செய்து உதிர்ப்பது அது. நோயினால் நலிந்த மரங்களின்மேல் 2017-இல் இர்மா, 2022-இல் இயன், 2024-இல் மில்டன் என மூன்று புயல்கள் வந்தன. 2024-25-இல் விளைச்சல் ஒரு கோடியே 20 இலட்சம் பெட்டியளவாகக் குன்றியது. அங்கு ஆரஞ்சு விளைத்த பெரிய கம்பெனிகளுள் ஒன்றாகிய அலிக்கோ, பத்தாண்டில் தன் விளைச்சல் நூற்றுக்கு 73 பங்கு குறைந்ததென்று கூறி, அப்பருவத்து அறுவடையோடு ஆரஞ்சை விடுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. இங்கே நுட்பமொன்று உண்டு. அக்கம்பெனிக்கு 53,000 ஏக்கர் சொந்த நிலம் இருந்தது. அதிற் காற்பங்கை வீடு முதலியவை கட்டுதற்கு உதவும் நிலமாக்கலாம் என்று அது கணித்தது. மரம் அழிந்தும் பங்குக்கு விலை நின்றது அந்நிலத்தால். குத்தகை நிலத்தில் மரம் வைத்த கம்பெனிக்கு இவ்வகைப் புகலிடம் கிடையாது. மரம் போனபின் குத்தகைப் பணம் மட்டும் பாக்கி நிற்கும்.

ஆகவே அறிக்கையைக் கையிலெடுத்தவர் இலாபத்தின் பக்கத்தை முதலிற் புரட்ட வேண்டியதில்லை. தோட்டங்கள் எந்தெந்த ஊரில் உள்ளன, ஒரே புயற்பாதையிலா, வெவ்வேறு பருவமழையைச் சார்ந்தா என்று பார்க்க வேண்டும். மரங்களின் வயதென்ன, காய்ப்பில் உள்ளவை எத்தனை, கன்றுகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். நிலம் சொந்தமா, குத்தகையா; காய்க்காத ஏழாண்டைத் தாங்கும் ரொக்கம் கையில் உண்டா என்றும் பார்க்க வேண்டும். கணக்கியலிலும் ஒரு விசேஷம் உண்டு. 2016 முதற்கொண்டு நம் நாட்டுப் பெரிய கம்பெனிகள் பின்பற்றும் விதிப்படி, பழமரம் கட்டடம், இயந்திரம் போன்ற சொத்தாகவும், மரத்தில் தொங்கும் காய் அன்றைய மதிப்பிலும் எழுதப்படுகின்றன. அம்மதிப்பின் ஏற்றமும் இலாபத்திலேயே சேர்கிறது. எனவே மார்ச்சு மாதக் கணக்கிற் காணும் இலாபத்தின் ஒரு பகுதி இன்னும் பறிக்கப்படாமற் காற்றில் ஆடிக்கொண்டிருக்கலாம்! மாங்காய்க்கு அது சித்திரை, வைகாசிக் கோடைமழையைக் கடந்து வரவேண்டிய இலாபம்.

இவற்றையெல்லாம் எம் அன்பருக்கு ஒரு மாலை நேரத்திற் சொன்னோம். அவர் வாதாடவில்லை. விளம்பர அறிக்கையை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். தோட்டங்களின் படங்கள் வண்ணத்தில் இருந்தன. ஐந்தாண்டு இலாபம் அட்டவணையில் இருந்தது. மரங்களின் வயது ஓரிடத்திலும் இல்லை. அதனை வினவி அக்கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். இவ்விதழ் அச்சுக்குச் செல்லும் இந்நாள் வரை விடை வந்ததாக எமக்குத் தெரிவிக்கவில்லை. தகப்பனாரின் தோப்பில் 2019-இல் வைத்த கன்றுகளுள் பாதிக்கு மேல் காய்ப்புக்கு வந்துவிட்டன என்று மட்டும் எழுதியிருக்கிறார்.